முந்நூறு மீட்டர்

அவரை நினைத்தால் முதலில் முகம் வருவதில்லை. மானிட்டரில் இருந்த கறைதான் வருகிறது. திரையில் வலது பக்கம் கொஞ்சம் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மங்கிப்போன இடம். தினமும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தது. ஆபீஸ் பெருக்க வரும் அம்மா ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போவாதுங்க, உள்ளயே பூந்துடுச்சி" என்று கைவிட்டாள்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ரோட்டின் மேல் எங்கள் ஆபீஸ். கீழே பூச்சிமருந்துக் கடை, மாடியில் நாங்கள். வீட்டுப் பிளான், மனைப் பிரிப்பது, உப்பளங்களின் வரைபடம், இவைதான் வேலை. ஓனர், அவர், நான், ஆக மூன்று பேர். ஓனர் பாதி நாள் வெளியே இருப்பார். மீதி நேரம் நாங்கள் இரண்டு பேரும், ஒரு ஃபேனும், மருந்து நாற்றமும்.

நான் பிரம்மதேசத்தில் பிறந்தவள். திண்டிவனத்தில் டிப்ளமோ படித்து, மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு உப்பளம். பதினோரு பேர் குத்தகைக்கு எடுத்த ஒரே நீள வரிசையில் எங்களுடையது கடைசி. ரோட்டுப் பக்கம் தொடங்கும் வரிசை எங்கள் பாத்தியோடு முடியும். முடிகிற இடத்தில் உப்புத்தண்ணிக் கிணறும் மோட்டார் கொட்டகையும் இருந்தன. அந்தக் கிணறு இருந்தால் பாத்தி. இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளைத் தரை, ஆடுகூட மேயாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கிணறு இப்போது எங்களுடையது இல்லை.

அவர் என்னைவிட எட்டு ஒன்பது வயது பெரியவர். கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் "அண்ணே" என்று கூப்பிடுவேன், அவர் "ஏம்மா" என்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்றெல்லாம் இல்லை. படித்துவிட்டு வந்தவள் நான்தான். அவர் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. அந்தக் கொழுப்பு எனக்கு முதல் இரண்டு வருஷம் இருந்தது.

அவர் புதிதாக ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. யார் வந்து எது கேட்டாலும் பழைய ஃபைல் ஒன்றைத் திறப்பார். அதில் வேண்டியதைப் பிடித்து எடுப்பார், புது ஃபைலில் வைப்பார். படிக்கட்டு ஒரு வீட்டிலிருந்து வரும், சமையலறை இன்னொரு வீட்டிலிருந்து, கேட்டும் காம்பவுண்டும் மூன்றாவது வீட்டிலிருந்து. அவர் ஒரு காலத்தில் எங்கோ வைத்த அதே படிக்கட்டில் இந்தப் பக்கத்து ஜனம் பாதி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

"புதுசா ஒண்ணு யோசிச்சு போடலாம்ல அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்கும்மா? எல்லாரும் சோறு தின்றாங்க, தூங்கறாங்க, குளிக்கறாங்க. புதுசா எவன் என்ன பண்ணப் போறான்? ரூமு அதேதான்."

ஒரு தடவை பிரம்மதேசத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அவர் போட்ட பிளானில் பூஜை அறை இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெப அறை' என்று இருந்தது. அவர்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து அந்த அறையை எழுத்தோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வீடு கட்டுகிறவர் எங்கள் ஊர்க்காரர், நெற்றி நிறைய விபூதி. பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னா சார், ஒரு வார்த்த கேக்காம எங்கள மதம் மாத்திட்டீங்களே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"அளவு சரியா இருக்குதா பாருங்க. எட்டுக்கு ஆறு. எழுத்துல என்னாங்க இருக்குது, ரெண்டு தட்டு தட்டினா மாறிடும்."

அதுதான் அவர். எழுத்தைப் பார்க்க மாட்டார், அளவை விட மாட்டார். ஒரு ஃபைலிலிருந்து எடுக்கும்போது எந்தப் புள்ளியைப் பிடித்து எடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். கட்டிலைத் தூக்குகிற மாதிரிதான் என்பார், பிடிக்கிற இடம் தெரியாமல் தூக்கினால் வைக்கிற இடத்தில் கால் மாட்டிக்கொள்ளும். புது ஃபைலில் வைத்த பிறகு, தெரிந்த தூரம் ஏதாவது ஒன்றை அளந்து பார்ப்பார். திரையில் எண் வரும். அதை விரலால் தொடுவார். "ம்" என்பார். அந்த 'ம்' வராமல் எதுவும் பிரின்ட்டுக்குப் போகாது. ஓனர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு கீழே நின்று கத்தினாலும் போகாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆபீசில் ஒரு அடி என்றால் பாயின்ட் மூணு. கொத்தனாருக்கு அடியில் வேண்டும், கவர்மென்ட்டுக்கு மீட்டரில் வேண்டும், நடுவில் நாங்கள். முப்பதடி என்றால் ஒன்பது மீட்டர் என்று ஓனரே போனில் சொல்வார். கொத்தனார் சொல்வார், கம்பி கட்டுகிறவர் சொல்வார், நானும் சொல்வேன். சரியாகச் சொன்னால் அது பாயின்ட் மூணு பூஜ்யம் நாலு எட்டு. அவர் ஒருத்தர்தான் ஒவ்வொரு தடவையும் அந்த நாலு எண்ணையும் அடிப்பார். பழைய ஃபைல் அடியிலும் புது ஃபைல் மீட்டரிலும் இருந்தால் அதைச் சுருக்கித்தான் வைக்க வேண்டும். சுருக்கும்போது அந்தக் கடைசி நாற்பத்தெட்டை விட்டால் அவருக்கு ஆகாது.

"நாப்பத்தெட்டு தானே அண்ணே, அதுவும் பாயின்ட்டுக்கு அந்தாண்ட."

"சும்மா இருக்கற எடத்துல இருக்கட்டும்னு அத வெக்கல. நீளமா போவப் போவ அது வேலையக் காட்டும்."

அப்புறம் ஒன்று சொல்வார். "அடியிலேந்து மீட்டருக்கு வர்றப்ப முழு எண்ணா வந்தா சந்தேகப்படு. அடியில போட்ட ஆளு வேற, மீட்டர்ல போட்ட ஆளு வேற. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல முழுசா வராது." இதை மாதம் ஒரு தடவையாவது சொல்வார், வார்த்தை மாறாமல். நான் கேட்டுக்கொண்டே வாட்ஸ்அப் பார்ப்பேன்.

வாழ்க்கையையும் அவர் காப்பி எடுத்துத்தான் நடத்தினார். நீலக் கட்டம் போட்ட சட்டை நாலு வைத்திருந்தார், ஒரே துணியில் ஒரே நாளில் தைத்தது. அவரிடம் ஒரே சட்டைதான் இருக்கிறது என்று ஓனர் ரொம்ப நாள் பரிதாபப்பட்டு, ஒரு தீபாவளிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் போடவே இல்லை. லீவ் லெட்டரும் அப்படித்தான். எப்போதோ அடித்த ஒரு லெட்டர். 'உறவினர் திருமணம் காரணமாக.' தேதியை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுத்து ஓனர் மேஜையில் வைப்பார். அவருடைய சித்தப்பா செத்ததற்கும் 'உறவினர் திருமணம்' தான். ஓனர் படிக்காமலே ஃபைலில் போடுவார்.

துக்கம் கேட்பதற்கும் அவரிடம் ஒரே வாக்கியம். "நடந்தது நடந்துபோச்சு. சாப்ட்டீங்களா?" ஓனரின் அம்மா தவறியபோது அதைச் சொன்னார். டீக்கடைக்காரரின் ஆட்டை பஸ் அடித்தபோதும் அதையே சொன்னார். என் மாமனார் இறந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒன்று, அன்றைக்கு வந்தவர்களில் நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்டது அவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் பிறகு, "நல்ல மனுசன்டி அவரு" என்றார். அவரைப் பற்றி இவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

உப்பளங்களுக்குக் குத்தகையைப் புதுப்பிக்கப் புது வரைபடம் வேண்டும் என்று கவர்மென்ட்டில் கேட்டார்கள். மீட்டரில் இருக்க வேண்டும். பழைய வரைபடம் யாரோ எப்போதோ கையால் போட்டது, அதை அவர் முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார், அடியில். அதை எடுத்துப் புது ஃபைலில் வைத்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

அன்றைக்கு அவர் வரவில்லை. அவர்கள் ஊர் மாதா கோயில் திருவிழா, தேர் ஜோடிக்கிற வேலை அவருடையது. மேஜையில் லெட்டர் இருந்தது, 'உறவினர் திருமணம் காரணமாக'. சாயங்காலம் பதினோரு பேரும் கையெழுத்துப் போட வருகிறார்கள் என்று ஓனர் காலையிலிருந்து போனில் நச்சரித்தார், யார் செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. "அவர் வந்துடட்டும் சார், நாளைக்கி பண்ணலாம்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இல்லாமலும் எனக்கு வேலை தெரியும் என்று காட்டுகிற ஆசையும் கொஞ்சம் இருந்தது. எங்கள் வீட்டு உப்பளம் வேறு.

அவருடைய ஃபைலைத் திறந்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். ரோட்டோரக் கல்லைப் புள்ளியாக வைத்து எடுத்தேன், அதில் தப்பு இல்லை. புது ஃபைலில் அதே கல்லின் மேல் வைத்தேன். எவ்வளவு சுருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பாயின்ட் மூணு என்று அடித்தேன்.

யோசித்து அடிக்கவில்லை. எங்கள் ஆபீசில் ஒரு அடி பாயின்ட் மூணு. விரல் அதைத்தான் அடிக்கும்.

வரிசை மொத்தம் ஆயிரம் அடி. வைத்த பிறகு அளந்து பார்த்தேன், அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பழக்கம். முந்நூறு என்று வந்தது. சுத்தமாக, பாயின்ட்டுக்குப் பிறகு பூஜ்யம் பூஜ்யம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அழகாக ஒரு எண் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மாதாமாதம் சொன்னது எதுவும் அப்போது காதில் கேட்கவில்லை. திரையைத் தொடவும் இல்லை. என் மானிட்டரில் கறை கிடையாது.

ஆயிரம் அடி என்றால் முந்நூற்று நாலு மீட்டர் எண்பது. நான் வைத்த வரைபடத்தில் நாலு மீட்டர் எண்பது குறைவு. ரோட்டுப் பக்கம் கல் சரியாக இருந்ததால், குறைந்தது எல்லாம் கடைசியில் போய் நின்றது. கடைசியில் எங்கள் கிணறு.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் பேனா இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

சர்வே ஆட்கள் வந்து கல் நட்டார்கள், மழைக்கு முன்னாலேயே. வெளிக் கோட்டை மட்டும் வரைபடத்தைப் பார்த்து அளந்து நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் நட்ட கல் மோட்டார் கொட்டகைக்கு இந்தப் பக்கம் நின்றது. ஏதோ தற்காலிகமாக நட்டிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். மழை முடிந்து, பாத்தியைச் சீர் பண்ணிவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனபோது, அந்தப் பக்கத்து இறால் பண்ணைக்காரர் நட்ட கல்லை ஒட்டியே கம்பி வேலி போட்டு முடித்திருந்தார். கிணறு வேலிக்கு அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார், நடையாய் நடந்தார். நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்ட வரைபடம்தானே என்று கேட்டார்கள்.

அதன் பிறகுதான் இவர் பிரின்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். ஓனரும் இருந்தார். அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு வீட்டின் படிக்கட்டை இன்னொரு வீட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இத வரஞ்சது யாரு?"

ஓனர் பிரின்ட்டை விரித்து வலது மூலையைப் பார்த்தார். ஒவ்வொரு வரைபடத்திலும் அந்த மூலையில் ஒரு பெட்டி இருக்கும், எந்த வேலை, எந்தத் தேதி, வரைந்தது யார் என்று. வரைந்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரின் இரண்டு எழுத்து இருந்தது. அவர் ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன் என்று சொன்னேனே, அந்தப் பெட்டியும் கூடவே வந்துவிட்டது. தேதியை மாற்றியிருந்தேன். பெயரை மாற்றவில்லை. கவனிக்கவே இல்லை.

ஓனர் அவர் பக்கம் பிரின்ட்டைத் தள்ளினார்.

அவர் எழுந்து வந்து பார்த்தார். முதலில் தேதியைப் பார்த்தார். அது தேர்த் திருவிழாத் தேதி, அவருக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு வரிசையின் நீளத்தைப் பார்த்தார். முந்நூறு. அதை விரலால் தொட்டார். 'ம்' சொல்லவில்லை. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இன்றுவரை எனக்கு விளங்காதது அதுதான். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். திறந்திருக்க மாட்டேன்.

"என் எழுத்துதாங்க. காப்பி எடுக்கறப்ப தப்பாயிடுச்சி."

என் வீட்டுக்காரர் எட்டி அவர் சட்டையைப் பிடித்தார். ஓனர் நடுவில் விழுந்து பிரித்துவிட்டார். ஒரு பட்டன் தெறித்து ஃபைல் அலமாரிக்கு அடியில் போனது. "காப்பி எடுத்துக் காப்பி எடுத்து என் குடிய கெடுத்துட்டியேடா" என்று இவர் கத்தினார். அந்த மனிதர் கையை உயர்த்தவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம்கூட இல்லை. டம்ளரில் இன்னும் தண்ணீர் இருக்கிறதே, குடித்துவிடலாமா என்று நினைத்தேன்.

அந்தத் தேதியில் அவர் ஆபீசிலேயே இல்லை என்பதற்கு அவர் லெட்டரே சாட்சி. இரண்டடி தள்ளி அலமாரியில் இருந்தது. ஆனால் அவர் லெட்டரை யாரும் படிப்பதில்லை. எல்லா லெட்டரும் ஒன்றுதான். ஆள் எப்போதும் காப்பி எடுக்கிறவர் என்று ஊருக்கே தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

வீட்டில் இவர் கேட்டார். "நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த? நீயாவது பாத்திருக்கக் கூடாதா?"

"நான் வேற வேலையில இருந்தேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்கு வரவில்லை. லெட்டர் எதுவும் வைக்கவில்லை. பெருக்குகிற அம்மா ஒரு வாரம் கழித்து அந்தப் பட்டனைக் கண்டெடுத்து என் மேஜையில் வைத்தாள். நான் டிராயரில் போட்டேன். ஓனர், பழைய ஃபைல்களில் அவர் எழுத்தை எடுத்துவிடச் சொன்னார். எல்லாவற்றிலும் எடுத்தேன். உப்பளத்து ஃபைலில் மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அங்கே யாருடைய எழுத்தைப் போடுவது?

ஒரு வருஷம் கழித்து, அவர் பெரிய முதலியார்சாவடிக்கு, மனைவியின் ஊருக்கே போய்விட்டார், அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பாண்டிச்சேரிக்குப் போன ஒரு நாள் வழியில் அங்கே இறங்கினேன். சின்னக் கடை. அதே நீலக் கட்டச் சட்டை. ஆதார் கார்டை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, வெயில்ல வந்துட்ட" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கார்டை வாங்கிக்கொண்டு ஆள் போன பிறகு சொன்னேன்.

"அண்ணே, அந்த பாயின்ட் மூணு..."

"தெரியும்மா. முந்நூறுன்னு பாத்தவொடனே தெரியும். எனக்கு எப்பவும் அப்டி வராது."

"அப்புறம் ஏன் அப்டி சொன்னீங்க?"

அவர் மெஷின் கண்ணாடி மேல் இருந்த தூசியைத் துடைத்தார். "எனக்குப் போனா ஒரு ஆபீஸு. உனக்குப் போனா வூடு. அந்தாளு அன்னிக்கி இருந்த இருப்புல உன்ன என்னா பண்ணியிருப்பானோ. ரெண்டையும் அளந்து பாத்தேன். இது கம்மியா வந்துச்சு."

நான் அழவில்லை. அழுதிருக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை. அவருக்கு வேலை போனது, பெயர் போனது, ஊரும் போனது. அது எப்படிக் கம்மியாகும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என்னைக் கேட்காமல் என் தப்பை எடுத்துக்கொண்டு, அதை என் கழுத்தில் வேறு விதமாகக் கட்டிவிட்டாரே என்று.

"நான் வீட்ல சொல்லிடட்டுமா?"

"அது உன் இஷ்டம். நான் வேணாம்னும் சொல்லல, சொல்லுன்னும் சொல்லல." பிறகு அவர் அந்த வாக்கியத்தைத்தான் சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். கிணறு இல்லாமல் எங்கள் பாத்தி தரிசாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் அதே வரிசையில் இன்னொருவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாருகிறார். தன் பாத்தியைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்காருவார், நான் தட்டை வைப்பேன், முதல் கவளத்துக்கு முன்னால் "அந்தக் காப்பிக்காரன் நல்லாவே இருக்க மாட்டான்" என்பார். சிலர் சாப்பிடுமுன் சாமி கும்பிடுகிற மாதிரி அவருக்கு இது. நான் குழம்பு ஊற்றுவேன். முதலில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஏதோ குத்தும். பிறகு குத்துவது நின்றுவிட்டது. அது நின்றதுதான் மோசம் என்று நினைக்கிறேன். குழம்பில் உப்பு சரியா என்று மட்டும் பார்ப்பேன்.

போன மாசம் அண்ணன் இறந்துவிட்டதாக ஓனருக்குப் போன் வந்தது. கடையிலேயே சாய்ந்துவிட்டாராம். வீட்டில் சொன்னேன். இவர் பீடியை அணைத்துவிட்டு, "போய்ச் சேந்தானா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கூட வேல செஞ்சவன். நீ போய்ட்டு வா" என்றார்.

போனேன். பெட்டியில் படுத்திருந்தார். கையில் ஜெபமாலை. புதுச் சட்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நீலக் கட்டம்தான் போட்டிருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற சட்ட போட்டா இவரு மாதிரியே இல்லம்மா. நாலும் ஒண்ணாத்தான் இருக்குது, எதயோ எடுத்துப் போட்டேன்" என்றார்.

நாலும் ஒன்று இல்லை. மேலிருந்து இரண்டாவது பட்டன் பழுப்பு. மற்றவை வெள்ளை. என் வீட்டுக்காரர் பிடித்து இழுத்த சட்டை அது.

அவர் மனைவிக்கு எதுவும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டில்கூட சொல்லியிருக்கவில்லை. தெரிந்திருந்தால் என் கையைப் பிடித்திருக்க மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். "நடந்தது நடந்துபோச்சு" என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் உப்பளம். சில இடங்களில் உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன், உலை வைத்தேன். இவர் வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். செத்தவரைத் திட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி வாயைத் திறந்து மூடினார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

"அந்த வரைபடத்த அவரு போடல" என்றேன். "நான் போட்டது."

"எது?"

"நம்ம உப்பளத்து வரைபடம். பாயின்ட் மூணுன்னு அடிச்சது நான். அவரு அன்னிக்கி ஆபீஸுக்கே வரல. தேரு ஜோடிக்கப் போயிருந்தாரு. அவரு ஃபைல்லேந்து எடுத்தேன், அவரு எழுத்தும் கூட வந்துடுச்சி."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆறு வருஷமாக அதற்குத் தயாராக இருந்தேன். அவர் அடிக்கவில்லை. கை சோற்றுக்கு மேலேயே நின்றது. உப்பு அறுத்த கை, விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

"அவன் சட்டையப் புடிச்சேனே" என்றார்.

"ஆமா. அந்தச் சட்டையோடதான் பெட்டியில படுத்திருந்தாரு. பட்டன் வேற கலரு."

பிறகு என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இத்தினி வருசமா அவனத் திட்டித்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. இனிமே நான் யாரத் திட்டறது?"

என்னைத் திட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு" என்றேன். "சாப்புடுங்க."